பொருளைக் குறைத்தும் பணம் மிஞ்சவில்லையா? கணக்கு எங்கே இடிக்கிறது?

#1 எளியவழி

எளிய வாழ்க்கை பற்றிய பேச்சு பெரும்பாலும் அலமாரியில் தொடங்கி அலமாரியிலேயே முடிந்துவிடுகிறது. பாதித் துணி போயிற்று, மேசை காலி, சுவரும் வெறுமை. மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்த்தால் அதே பழைய எண். இது ஏன் என்று இந்த இழையில் கணக்கோடு பேசுவோம்.

முக்கியமாக மூன்று கேள்விகள். பொருளைக் குறைத்தால் எந்தச் செலவு உண்மையிலேயே குறையும்? எதையெல்லாம் தூக்கிப் போடக்கூடாது? மிஞ்சும் பணம் எந்த வரிசையில் போக வேண்டும்?

எந்த ஊர்க்காரருக்கும் பொருந்த வேண்டும் என்பதால் நாணயத்தின் பெயர் வேண்டாம். மாத வருமானம் 100 என்று வைத்தே எழுதுங்கள்.

#2 பேரேடு

வீட்டில் கிடக்கும் பொருள் இருப்பு. மாதாமாதம் வெளியே போகும் பணம் ஓட்டம். இருப்பைக் குறைத்தால் ஓட்டம் தானாகக் குறைந்துவிடாது. நாற்காலியைக் கொடுத்துவிட்டால் அது வாங்கிய பணம் திரும்பி வராது. விற்றால் ஒரு முறை கொஞ்சம் வரும், அத்தோடு சரி.

பொருள் குறைவதால் பணம் மிஞ்சுவதற்கு மூன்று வாசல்கள்தான் உண்டு: புதிதாக வாங்காமல் விடுவது, பராமரிப்பும் காப்பீடும் சந்தாவும் நிற்பது, சின்ன இடத்துக்குக் குடி மாறுவது. இந்த மூன்றில் ஒன்றாவது நடக்காவிட்டால் வீடு சுத்தமாகும், மனசு லேசாகும், கணக்கு அப்படியே இருக்கும்.

ஓட்டத்தைக் குறைப்பதன் பலத்தை எண்ணாகவே பாருங்கள். சேமிப்பு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது, விலைவாசி போக ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்கிறது, ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேர்ந்தால் வேலையை விட்டு அதிலிருந்தே வாழலாம், அதுதான் இலக்கு என்று வைத்துக்கொள்வோம்.

வருமானத்தில் 10 சதவீதம் சேமித்தால்: சுமார் 51 ஆண்டு
20 சதவீதம்: 37 ஆண்டு
30 சதவீதம்: 28 ஆண்டு
50 சதவீதம்: 17 ஆண்டுக்குச் சற்றுக் குறைவு
75 சதவீதம்: 7 ஆண்டு

செலவு குறையும்போது இரண்டு பக்கமும் நகர்கிறது. சேமிப்பு கூடுகிறது, எட்ட வேண்டிய இலக்கும் கிட்டே வருகிறது. மாதச் செலவில் 1 குறைந்தால் ஆண்டுக்கு 12. அதன் 25 மடங்கு 300. இலக்கிலிருந்து 300 அப்படியே கழிந்துவிடும். 80 செலவு செய்பவருக்குச் சம்பளம் 100-லிருந்து 110 ஆனால் 37 ஆண்டு 30 ஆகும். சம்பளம் அப்படியே இருந்து செலவு 80-லிருந்து 70 ஆனால் அது 28 ஆகும். கூடுதல் சம்பளத்தில் வரி போனால் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகும்.

#3 மறுபக்கம்

அந்த 25 மடங்கை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-ல் செய்த கணக்கு அது. முதல் ஆண்டு சேமிப்பில் 4 சதவீதம், அதாவது 25-ல் ஒரு பங்கு எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதே தொகையைக் கூட்டிக்கொண்டே போனால் பணம் 30 ஆண்டு தாங்குமா என்று அமெரிக்கப் பங்கு, கடன் பத்திர வரலாற்றை வைத்துப் பார்த்தார். 40 வயதில் வேலையை விட நினைப்பவருக்கு 50 ஆண்டு தேவைப்படலாம். அவருக்கு 3 முதல் 3.5 சதவீதம்தான் பாதுகாப்பு. அப்போது இலக்கு 29 முதல் 33 மடங்காகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே 95 செலவாகி, அதில் 85 வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் போகும் குடும்பத்திடம் "குறைத்துக்கொள்ளுங்கள்" என்பது கொடுமை. அங்கே குறைக்க மிச்சமே 10தான். அவர்கள் பார்க்க வேண்டியது வருமானத்தையும் வாடகையையும் கடன் வட்டியையும். மேசையில் இருக்கும் பேனாக்களை எண்ணிப் பயனில்லை.

#4 பேரேடு

ஏற்றுக்கொள்கிறேன், இரண்டையுமே. அதனால்தான் எதையும் குறைப்பதற்கு முன் எழுதிப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

கடந்த 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட், கார்டு ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் இறக்கி ஒரே விரிதாளில் ஒட்டுங்கள். மூன்று மாதம் போதும் என்பார்கள், போதாது. காப்பீடு, வரி, பள்ளிக் கட்டணம், வண்டி சர்வீஸ் எல்லாம் ஆண்டுக்கு ஒரு முறைதான் தலைகாட்டும். தேதி, தொகை, யாருக்கு, மறுபடி வருமா என்று நான்கு பத்திகள் போதும். தலைப்புகள் பத்தைத் தாண்ட வேண்டாம். முப்பது தலைப்பு போட்டவர்கள் இரண்டாவது மாதமே கைவிட்டுவிடுவார்கள்.

பிழை வருவது எப்போதும் இந்த இடங்களில்தான்:

கார்டில் வாங்கியதையும் கார்டு பில் கட்டியதையும் இரண்டு செலவாக எழுதிவிடுவது. பில் கட்டுவது வெறும் பணமாற்றம், அந்த வரியை நீக்குங்கள்.

சொந்தக் கணக்கிலிருந்து சொந்தக் கணக்குக்கு மாற்றியதைச் செலவாக எண்ணுவது.

ஏடிஎம்மில் எடுத்ததை "ரொக்கம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. மொத்தத்தில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு மேல் போனால் ஒரு மாதம் மட்டும் கையில் எழுதிப் பாருங்கள்.

திருப்பி அனுப்பிய பொருளுக்கு வந்த பணத்தை வருமானமாகக் காட்டுவது. அதை அந்தச் செலவிலேயே கழிக்க வேண்டும்.

கடன் தவணையை மொத்தமாகச் செலவு என்று போடுவது. வட்டிதான் செலவு. அசல் பகுதி உங்கள் கடனைக் குறைக்கிறது. அதைத் தனிப் பத்தியில் வையுங்கள்.

தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு நான்கும் ஒத்துவர வேண்டும். 2 சதவீதம் இடித்தால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பத்து சதவீதம் இடித்தால் மேலே சொன்ன ஐந்தில் ஒன்று இருக்கும்.

#5 ஊசிநூல்

துணிக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். எத்தனை வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது: துவைக்கும் இடைவெளி நாட்கள், காயும் நாட்கள், அதற்கு மேல் ஒன்றோ இரண்டோ. 4 நாளுக்கு ஒரு முறை துவைத்து ஒரு நாளில் காய்ந்தால் 4 + 1 + 2, அதாவது 7. மழைக்காலத்தில் காய 2 நாள் ஆனால் 8. உள்ளாடைக்கு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே பலருக்கும் புலப்படாத ஒரு விஷயம். துணியின் எண்ணிக்கையைக் குறைத்தால் தேய்மானம் குறைவதில்லை. ஒரு சட்டை 150 துவைப்பு தாங்கும், தினமும் ஒன்று உடுத்துகிறோம் என்று வைப்போம். 20 சட்டை இருந்தால் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 18 முறை துவைபடும், 8 ஆண்டு வரும். 7 சட்டை இருந்தால் ஒவ்வொன்றும் 52 முறை, 3 ஆண்டுக்குள் நைந்துவிடும். இரண்டு கணக்கிலும் ஆண்டுக்குத் தேவை 365 ÷ 150, சுமார் இரண்டரைச் சட்டை. ஆகவே நல்ல சட்டை பதின்மூன்றைக் கொடுத்துவிட்டு ஏழோடு நிற்பவர் மூன்றாம் ஆண்டில் கடைக்குப் போக வேண்டியிருக்கும். பணம் மிஞ்சுவது, தேவை இரண்டரை இருக்கையில் ஆறு வாங்கிக்கொண்டிருந்த பழக்கம் நின்றால்தான்.

அதனால் என் யோசனை: உடுத்தக்கூடிய துணியைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். கூடுதலை ஒரு பெட்டியில் போட்டு மேலே தேதி எழுதி வையுங்கள். ஒன்று நைந்தால் பெட்டியிலிருந்து ஒன்றை எடுங்கள். பெட்டி காலியாகும் வரை கடைப் பக்கம் போக வேண்டாம்.

இதற்கும் விலக்கு உண்டு. சும்மா கிடந்தாலும் கெடும் பொருட்களைச் சேர்த்து வைக்கக் கூடாது. எலாஸ்டிக் தளர்ந்துவிடும். பாலியூரித்தேன் நுரை அடிப்பாகம் கொண்ட காலணி ஈரக்காற்றில் நீராற்பகுப்பு (ஈரம் பட்டு வேதிப்பிணைப்பு சிதைவது) நடந்து, போடாமலேயே சில ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிரும். தள்ளுபடியில் இரண்டு ஜோடி வாங்கி ஒன்றைப் பல ஆண்டு பெட்டியில் பூட்டி வைப்பது இதனால்தான் வீணாகிறது. இரண்டு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு நாள் முழுதும் உலர நேரம் கிடைத்தால் உள்பக்கம் சீக்கிரம் கெடாது.

துவைப்பில்: உள்பக்கம் வெளியே திருப்பி, ஜிப்பை மூடி, குளிர்ந்த நீரில். உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியில் சேரும் பஞ்சு உங்கள் துணியிலிருந்து போன நூல்தான். கொடியில் காயப்போட்டால் அது மிச்சம்.

#6 எளியவழி

ஊசிநூல், அந்த இரண்டரைச் சட்டைக் கணக்கு இந்த இழையின் கேள்விக்கு நேரான பதில். அப்படியானால் "இடம் அடைக்கும் பொருளுக்கும் வாடகை கொடுக்கிறோம்" என்ற வாதத்தை எப்படிப் பார்ப்பது?

#7 மறுபக்கம்

பாதி உண்மை. 60 சதுர மீட்டர் வீட்டுக்கு வாடகை 30 என்றால் ஒரு சதுர மீட்டருக்கு மாதம் 0.5. ஓர் அலமாரியும் அதன் கதவு திறக்கும் இடமும் சேர்ந்து ஒரு சதுர மீட்டர் பிடித்தால் ஆண்டுக்கு 6. தாளில் அழகாக இருக்கிறது. ஆனால் அலமாரியை அகற்றியதும் வீட்டுக்காரர் வாடகையைக் குறைக்கப் போவதில்லை. ஓர் அறை குறைவான வீட்டுக்கு மாறினாலோ, தனியாக வாடகைக்கு எடுத்த கிடங்கைத் திருப்பிக் கொடுத்தாலோ, காலியான அறைக்கு ஆள் வைத்தாலோதான் அந்த 6 கைக்கு வரும்.

மாறும்போதும் எல்லாவற்றையும் கூட்டுங்கள்: வண்டிக் கூலி, முன்பணம், இரண்டு வாடகையும் சேர்ந்து விழும் நாட்கள், வேலைக்குப் போய்வரும் தூரம். மாறும் செலவு 40, மாத வாடகையில் மிச்சம் 5 என்றால் 8 மாதத்தில் ஈடாகும். இரண்டு ஆண்டு அங்கே இருப்போம் என்ற உறுதி இருந்தால் மாறலாம். பயணச் செலவு மாதம் 4 கூடினால் மாதம் 1தான் மிச்சம், 40 மாதம் ஆகும். அப்போது விட்டுவிடுங்கள்.

#8 திருப்புளி

விடக்கூடாதவை பற்றி. திரும்ப வாங்கும் விலையை, தேவைப்படும் வாய்ப்பால் பெருக்குங்கள். விலை 10, அடுத்த ஐந்தாண்டில் தேவைப்பட பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால் 5. அது கையளவு பொருள் என்றால் வைத்துக்கொள்வதே லாபம். விலை 10, வாய்ப்பு இருபதில் ஒன்று, இடமோ அரை அறை என்றால் அனுப்பிவிடலாம்.

கைக்கருவிகள் முதல் வகை: திருப்புளி செட், குறடு, திருகக்கூடிய ஸ்பேனர், அறுகோணச் சாவிகள், அளவு நாடா, இன்சுலேஷன் டேப், ஊசி நூல். ஒரு ஷூ பெட்டிக்குள் அடங்கும். அடாப்டர்களைக் கண்ணை மூடிக்கொண்டு குப்பையில் போடாதீர்கள். எதனுடையது என்று அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். மாற்று அடாப்டர் பொருத்தும்போது வோல்ட் அதே அளவு இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், முனையின் கூட்டல் கழித்தல் திசை ஒத்திருக்க வேண்டும். வோல்ட் கூடினால் கருவி போய்விடும்.

உண்மையில் பணம் மிஞ்சும் இடம் பராமரிப்பு. குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. பின்பக்கக் குழாய்ச் சுருளில் தூசி படிந்தால் மோட்டார் கூடுதல் நேரம் ஓடும், ஆண்டுக்கு இரண்டு முறை துடையுங்கள். உள்ளே 4 டிகிரி, உறைபகுதி கழித்தல் 18 போதும். வெந்நீர்க் கெட்டிலில் வெள்ளைப் படிவு வந்தால் லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து சூடாக்கி அரை மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். பயன்படுத்தாத லித்தியம் பேட்டரிக் கருவியை முழுச் சார்ஜிலோ பூஜ்யத்திலோ வைக்காமல் பாதிச் சார்ஜில் குளுமையான இடத்தில் வையுங்கள்.

எப்போதும் விழித்திருக்கும் கருவிகள்: 5 வாட் இழுக்கும் ஒன்று ஆண்டு முழுக்கச் செருகியிருந்தால் 44 யூனிட். இப்படி ஆறு இருந்தால் 260-ஐத் தாண்டும். ஒரே சுவிட்ச் போர்டில் சேர்த்துவிட்டால் ஒரு விரலால் அணைக்கலாம்.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா? பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதிக்கு மேல், கருவியின் ஆயுளிலும் பாதி கடந்துவிட்டது என்று இரண்டும் சேர்ந்தால் மட்டும் புதிது.

#9 ஊசிநூல்

தரமானதை வாங்கினால் மலிவு என்று எல்லாப் பொருளுக்கும் சொல்கிறார்கள். அதற்கும் அளவு உண்டு. விலையோடு பராமரிப்பைக் கூட்டி, மறுவிற்பனை விலையைக் கழித்து, பயன்படுத்தும் தடவைகளால் வகுங்கள். தினமும் தொடும் பொருளில் தரம் வெல்லும்: மெத்தை, காலணி, கத்தி. ஆண்டுக்கு இரண்டு முறை தொடும் துளையிடும் இயந்திரத்தில் இரவல்தான் வெல்லும். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் முதலில் மலிவானதை வாங்குங்கள். உழைத்து உழைத்து அது உடைந்தால் அடுத்தது தரமானது. உடையவே இல்லை என்றால் அந்தப் பொருளுக்கு அதுவே போதும்.

மொத்தமாக வாங்குவதும் அப்படித்தான். 15 சதவீதத் தள்ளுபடியில் வாங்கி ஐந்தில் ஒரு பங்கு கெட்டுப்போனால், 85 கொடுத்து 80 பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஒன்றுக்கு 1.06 ஆகிறது. சில்லறையாக வாங்கியிருந்தால் 1.

#10 வட்டிக்கணக்கு

எளியவழியின் மூன்றாவது கேள்விக்கு. கார்டு பாக்கி இருக்கும்போது மற்ற எல்லாச் சிக்கனமும் ஓட்டைக் குடத்தில் ஊற்றும் தண்ணீர்தான். மாதம் 3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 36 இல்லை, வட்டிக்கு வட்டி சேர்ந்து 42.6. குறைந்தபட்சத் தொகையாக 5 சதவீதம் மட்டும் கட்டிவந்தால் பாக்கி மாதத்துக்கு 2 சதவீதம் சொச்சம்தான் இறங்கும். ஒரு செலவும் புதிதாகச் செய்யாவிட்டாலும் பாதியாக 32 மாதம். பெரும்பாலான கார்டுகளில் பாக்கி நின்றுவிட்டால் வட்டியில்லாக் காலமும் போய்விடும். புதிதாக வாங்குவதற்கு அன்றிலிருந்தே வட்டி ஓடும். பாக்கி தீரும்வரை அந்தக் கார்டில் எதையும் வாங்காதீர்கள்.

வரிசை இப்படி: முதலில் ஒரு மாத அவசியச் செலவு கையில். அடுத்து, ஆண்டுக்கொரு முறை வரும் செலவுகளுக்கு மாத ஒதுக்கு. அதற்குப் பிறகு வட்டி அதிகமான கடனிலிருந்து கீழே. பிறகு அவசர நிதியை 3 முதல் 6 மாதத்துக்கு உயர்த்துவது. கடைசியில்தான் முதலீடு. ஒதுக்கைக் கடனுக்கு முன் வைத்ததற்குக் காரணம் உண்டு. அது இல்லாவிட்டால் காப்பீட்டுத் தவணை வரும் மாதம் மறுபடி கார்டைத்தான் எடுப்போம், கட்டிய கடன் திரும்பி வந்து நிற்கும்.

அவசர நிதியைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிட வேண்டாம். அவசியச் செலவை வைத்துப் போடுங்கள். சம்பளம் 100, அவசியம் 45 என்றால் 6 மாதத்துக்கு 270 போதும். சுருங்கிய செலவின் பலன் இங்கேயும் தெரியும்.

#11 பேரேடு

ஒதுக்கு போடுவதில் முதல் ஆண்டில் எல்லோரும் தடுக்குவார்கள், அதனால் விரிவாக. ஆண்டுக் காப்பீடு 24 என்றால் மாதம் 2. ஆனால் கட்ட வேண்டிய தேதிக்கு 4 மாதம்தான் இருக்கிறது என்றால் முதல் சுற்றுக்கு மாதம் 6 போட வேண்டும். எல்லாச் செலவுக்கும் வெறுமனே 12-ஆல் வகுத்தவர்கள் நான்காம் மாதம் பணம் போதாமல், முறையே தவறு என்று விட்டுவிடுகிறார்கள். மீதமுள்ள மாதங்களால் வகுங்கள். இரண்டாம் சுற்றிலிருந்து 12.

கருவிகளுக்கும் இதே வழி. கைபேசி விலை 60, நான்கு ஆண்டு வரும், கடைசியில் 6-க்கு விற்கலாம் என்றால் 54 ÷ 48, மாதம் 1.1. இதைச் செலவுப் பட்டியலில் சேர்க்காதவர்கள் தங்கள் மாதச் செலவைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பிறகு அந்தக் குறைந்த எண்ணை ஆண்டுக் கணக்காக்கி 25-ஆல் பெருக்கி ஓய்வுக்கு இலக்கு வைக்கிறார்கள். அது ஆபத்து.

#12 திருப்புளி

சந்தா பற்றி யாரும் சொல்லவில்லை. ஆண்டுச் சந்தா பத்து மாத விலைக்குக் கிடைக்கிறது என்றால் பத்து மாதத்துக்கு மேல் பயன்படுத்தினால்தான் லாபம். சந்தேகமாக இருப்பதை ரத்து செய்துவிடுங்கள். பல சேவைகளில் கட்டிய காலம் முடியும்வரை ஓடும். தேவைப்பட்டால் அன்றே மறுபடி சேரலாம். தானியங்கிப் பிடித்தங்களை எல்லாம் ஒரே கார்டுக்கு மாற்றினால் ஒரு ஸ்டேட்மென்டில் முழுப் பட்டியலும் தெரியும். இலவச மாதம் தொடங்கும் அன்றே முடியும் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக அலாரம் வையுங்கள்.

#13 ஊசிநூல்

வாங்கும் பழக்கத்தை நிறுத்த ஒரு காத்திருப்புப் பட்டியல். தேதி, பொருள், விலை, அது தீர்க்கும் சிக்கல், இப்போது அதற்கு என்ன செய்கிறோம் என்று எழுதி 30 நாள் விடுங்கள். கடைசிப் பத்திதான் முக்கியம். ஏற்கெனவே எப்படியோ சமாளித்துவருகிறோம் என்று தெரிந்தால் பாதி ஆசை அங்கேயே அடங்கும். உடைந்த அடுப்பு, மருந்து, குழந்தையின் காலணி போன்றவற்றுக்கு 30 நாள் பொருந்தாது. அவற்றையும் தள்ளிப்போட்டால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

ஒன்று வாங்கினால் அதற்குத் தோதாக இன்னும் நான்கு வாங்கத் தோன்றுவதை 1988-ல் மானுடவியலாளர் கிராண்ட் மெக்கிராக்கன் டிடரோ விளைவு என்று பெயரிட்டு எழுதினார். புது மேசை வந்தால் பழைய நாற்காலி கண்ணை உறுத்தும். எளிமைக்காக என்று ஒரே நிறத்தில் டப்பாக்கள், ஒரே மாதிரி ஹேங்கர்கள் வாங்குவதும் இதில் சேர்ந்ததே. பட்டியலில் எழுதும்போதே "இதனோடு வேறென்ன வாங்கத் தோன்றும்" என்பதையும் விலையோடு எழுதிக் கூட்டுங்கள்.

குடும்பத்தில் மற்றவர் பொருளில் கை வைக்காதீர்கள், அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு கிண்ணம்கூட வெளியே போகக்கூடாது. ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்கப்படாத ஒரு சிறு தொகை மாதாமாதம் இருக்கட்டும், 2 ஆனாலும் சரி. அது இல்லாத திட்டத்தில் மறைத்து வாங்குவது தொடங்கிவிடும், பேரேடு சொன்ன கணக்கும் ஒத்துவராது.

#14 எளியவழி

ஒரு சந்தேகம் பாக்கி. ஒதுக்குப் பணமும் அவசர நிதியும் சேர்ந்தால் பெரிய தொகை. அதைச் சும்மா வைக்காமல் பங்கில் போடலாமா?

#15 வட்டிக்கணக்கு

வேண்டாம். தேதி தெரிந்த பணம் அது. மூன்று ஆண்டுக்குள் எடுக்க வேண்டியதைப் பங்கில் வைத்தால், சந்தை விழுந்த மாதத்திலேயே காப்பீட்டுத் தேதியும் வரலாம். அப்போது நட்டத்தில் விற்க வேண்டியிருக்கும். அவசர நிதிக்கு ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் வேலை போவதும் சந்தை விழுவதும் பல நேரம் ஒன்றாகவே வரும். ஒரு மாதச் செலவைச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள். மீதியைச் சம பங்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் வெவ்வேறு மாதத்தில் முதிரும்படி வைப்புத்தொகையில் போடுங்கள். முன்கூட்டி எடுத்தால் எவ்வளவு வட்டி வெட்டுவார்கள் என்பதை போடும் அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விலைவாசி 6 சதவீதம், வட்டி வரி போக 4 என்றால் ஆண்டுக்கு 2 சதவீதம் தேயத்தான் செய்யும். 270-க்கு 5.4. தேவைப்பட்ட நாளில் பணம் முழுசாகக் கையில் இருப்பதற்குக் கொடுக்கும் விலை அவ்வளவுதான்.